பத்துக் காசு நாணயத்தில் என்ன படம் இருக்கிறது?

இந்தக் கேள்வி எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் எனக்கு எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும். வயது 46. சமையலறைக்குப் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறீர்கள். கார் எந்த மாடியில் நிற்கிறது என்று தெரியாமல் சாவியை அழுத்திக்கொண்டே சுற்றுகிறீர்கள். தெரிந்தவர் பெயர் வாய்க்கு வருவதில்லை. ஆனால் தொடக்கப்பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள் இன்றும் வரிக்கு வரி வருகிறது. அம்மாவுக்கு 74 வயது. முதுமை மறதி நோய் என்று இரண்டு வருடத்துக்கு முன் தெரிந்தது. மதியம் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆனால் சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளக் குடியிருப்பில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார். உங்களுக்கும் அது தொடங்கிவிட்டதா, நினைவு எப்படித்தான் வேலை செய்கிறது, வல்லாரை சாப்பிட்டால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 22 வருடமாக ஒரு மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவில் சோதனைகள் செய்யும் உளவியலாளர். தமிழ் பேசும் முதியவர்கள் வந்தால் பெரும்பாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். உங்களை நேரில் பார்க்காமல் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால், அம்மாவுக்கு நடப்பதும் உங்களுக்கு நடப்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் மறதி என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம், அதனால்தான் பயம். எனவே ஒவ்வொன்றிலும் எந்தக் கட்டத்தில் காரியம் தவறுகிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. பர்ஸைத் திறக்காமல் சொல்லுங்கள்: பத்துக் காசு நாணயத்தில் என்ன படம்? ஐம்பது காசில்? 2013-இலிருந்து சிங்கப்பூரில் நம் கையில் புழங்கும் காசு. ஒரு வெள்ளியில் மெர்லயன் என்று பலர் சொல்லிவிடுவார்கள், மற்றதில் தடுமாறுவார்கள். ஐம்பதில் துறைமுகம், இருபதில் சாங்கி விமான நிலையம், ஐந்தில் எஸ்பிளனேட். பத்தில் இருப்பது நாம் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிதான்! இதே சோதனையை 1979-இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் அமெரிக்க ஒரு சென்ட் காசை வைத்துச் செய்தார்கள். 15 படங்களைக் காட்டி எது உண்மையான காசு என்று கேட்டால் பாதிப் பேர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

பத்துக் காசை நீங்கள் மறக்கவில்லை. அது உள்ளே போகவே இல்லை. கண்ணில் படுவதெல்லாம் நினைவாகிவிடாது. கவனம் கொடுத்தது மட்டும்தான் பதியத் தொடங்கும். அதுவும் நமக்குத் தேவையான அளவுக்கு மட்டும். காசின் அளவும் நிறமும் போதும், கடையில் கொடுத்துவிடலாம். வீட்டுச் சாவியும் இப்படித்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கையில் சந்தைப் பையோடு கதவைத் திறந்தபோது சாவி எங்கோ போனது. 'எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன்' என்று பிறகு சொல்கிறோம். பதிவே ஆகாத ஒன்றைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? என்னிடம் 'மறதி' என்று வரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களில் பாதிப் பேரின் புகார் இந்த வகைதான். வேலை, பிள்ளைகளின் டியூஷன், படுத்துக்கொண்டும் போன். கவனம் ஐந்தாறு துண்டாகக் கிடக்கிறது.

சமையலறை விஷயம் இதிலிருந்து கொஞ்சம் வேறு. அங்கே பதிவு இருக்கிறது, எடுக்கத்தான் வழி தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தபோது, 'அம்மாவின் மாத்திரைக்கு வெந்நீர் வேண்டும்' என்று தோன்றியது. அந்த எண்ணம் சோபா, டிவி, எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எல்லாவற்றோடும் சேர்ந்து பிறந்தது. சமையலறைக்குள் காலை வைத்ததும் அவை எல்லாம் மறைந்து, கழுவாத பாத்திரமும் காய்ந்துபோன கறிவேப்பிலையும் கண்ணில் பட்டன. கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்தவர். வாசலைத் தாண்டும்போது மனம் ஒரு காட்சியை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறது என்பது அவர் விளக்கம். நம் பாட்டிகள் ஆராய்ச்சி எதுவும் செய்யாமலே மருந்து சொல்லியிருக்கிறார்கள்: புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நில், தானாக வரும். வரும்தான். நினைவை இழுக்கும் நூல் முனை அங்கேதான் கிடக்கிறது.

பெயர் விஷயமும் எடுக்க முடியாத வகைதான். தொண்டைவரை வந்து நிற்கிறது என்போமே, அதை 1966-இல் பிரௌன், மெக்நீல் என்ற இருவர் சோதித்தார்கள். சொல் வரவில்லை என்பவர்களுக்கு அதன் முதல் எழுத்தும், எத்தனை அசை என்பதும் பல சமயம் தெரிந்திருந்தது. அதாவது சொல் பத்திரமாக இருக்கிறது, முழுதாகக் கைக்கு வரவில்லை. பெயருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஒருவர் தாதி என்று கேள்விப்பட்டால் சீருடை, ஊசி, இரவு ஷிப்ட் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அவர் பெயர் மாலதி என்றால் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. வயது ஏற ஏற எல்லோருக்கும் முதலில் தடுமாறுவது பெயர்கள்தான். அரை மணி கழித்துக் குளிக்கும்போது 'மாலதி!' என்று வருகிறதா? அப்படியானால் கவலை வேண்டாம்.

நினைவுக்கு ஒரு முன்கூடம் இருக்கிறது. அந்த நிமிடத்துக்கு வேண்டியதை மட்டும் தாங்கிப் பிடிக்கும் இடம் அது. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-இல் அதில் சுமார் ஏழு பொருள்தான் கொள்ளும் என்றார். நெல்சன் கோவன் 2001-இல் நாலுதான் என்று குறைத்தார். 2002-க்கு முன் நம் வீட்டுத் தொலைபேசி எண்கள் ஏழு இலக்கம். முன்னால் ஒரு 6 சேர்த்து எட்டாக்கினார்கள், நாமும் நாலு நாலாகப் பிரித்துச் சொல்லிப் பழகிவிட்டோம். பிரித்தால் எட்டுப் பொருள் இரண்டு பொருளாகிவிடுகிறது, சூட்சுமம் அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் இருந்தார், ஓட்டப்பந்தயக்காரர். கேட்ட இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றி மாற்றி, 20 மாதப் பயிற்சியில் 7 இலக்கத்திலிருந்து 79-க்குப் போனார். எரிக்சன் குழுவினர் 1980-இல் எழுதியது இது. இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறேழுக்கு வந்துவிட்டார். முன்கூடம் பெரிதாகவில்லை, அடுக்கும் விதம்தான் மாறியது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் நூறு காரியங்களை ஒரே அமர்வில் மனத்தில் நிறுத்திக் காட்டினார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாணவர் நினைவு வரும்.

சரி, முன்கூடத்திலிருந்து உள்ளே போவது எப்படி? இதை உலகுக்குக் காட்டியவர் ஒரு நோயாளி. ஹென்றி மொலைசன், 1926-இல் பிறந்த அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய். 1953-இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கமும் காதோரத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு பகுதியை எடுத்துவிட்டார். அதில் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் கணிசமான பகுதியும் போனது. வலிப்பு குறைந்தது. ஆனால் அந்த நாளிலிருந்து, 2008-இல் இறக்கும்வரை, அவருக்குப் புதிதாக ஒரு நிகழ்ச்சிகூட நிலையாகத் தங்கவில்லை. பார்க்க வந்த மருத்துவர் வெளியே போய் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால் மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

பிரெண்டா மில்னர் என்பவர் மாண்ட்ரியலிலிருந்து வந்து அவரை வருடக்கணக்காகச் சோதித்தார். ஒருமுறை 584 என்ற எண்ணைக் கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்தும் ஹென்றி சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டால்: எட்டை ஞாபகம் வைத்துக்கொள், கூட்டினால் பதினேழு, அதில் எட்டுப் போனால் ஒன்பது, ஒன்பதைப் பிரித்தால் ஐந்தும் நாலும். இதையே விடாமல் மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய ஒரு நிமிடத்தில் எண்ணும் போனது, அப்படி ஒரு எண் கொடுத்தார்கள் என்பதும் போனது. முன்கூடம் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே போகும் கதவு இல்லை. இந்த 584-ஐ நான் பயிற்சி மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஒரு மனிதர் கால் மணி நேரம் ஒரு எண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

மில்னர் இன்னொன்றும் செய்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் கோட்டுக்குள்ளேயே பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம் போகும். ஹென்றி மூன்று நாள் செய்தார். மூன்றாம் நாள் பிசகில்லாமல் வரைந்தார். ஆனால் இதற்கு முன் அதைச் செய்ததாகவே அவருக்குத் தெரியாது. நிகழ்ச்சிகளை வைக்கும் இடம் ஒன்று, கைப்பழக்கத்தை வைக்கும் இடம் இன்னொன்று என்பது இப்படித்தான் தெளிவானது.

இதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா வந்தார், எண்பதைத் தாண்டியவர். இது எந்த வருடம் என்றால் சிரித்துக்கொண்டே மகளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஒன்றும் இல்லை. கடிகாரம் வரையக் கொடுத்த தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவர் பாட்டுக்குப் புள்ளி வைக்கத் தொடங்கினார். பதினைந்து புள்ளி, ஒன்றுவிட்டு ஒன்று, இடைவெளி பிசகாமல். சிக்குக் கோலம். கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோது மகள் அழுதுவிட்டார். கோலம் வேறு வீட்டில் குடியிருந்தது, அந்த வீட்டுக்கு இன்னும் தீ எட்டவில்லை.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருவோம். முதுமை மறதி நோயில் அதிகம் காணப்படும் அல்சைமர் வகை, பெரும்பாலும் ஹிப்போகேம்பஸிலும் அதன் பக்கத்திலும்தான் தொடங்குகிறது. அதனால் புதியது தங்குவதில்லை. செம்பவாங் எப்படித் தங்கியது? ஒரு நிகழ்ச்சி புதிதாக இருக்கும்போது அதன் துண்டுகளைக் கோத்துப் பிடிக்க ஹிப்போகேம்பஸ் வேண்டும். நாளாக நாளாக, திரும்பத் திரும்ப நினைக்க நினைக்க, மூளையின் மேற்பரப்பில் அந்தத் துண்டுகளுக்குள் நேரடித் தொடர்பு பலப்படுகிறது. பழையது கடைசிவரை நிற்கும், புதியது முதலில் போகும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார். பிரிட்டிஷ் படை 1971-இல் வெளியேறியபோது உங்கள் அம்மாவுக்கு இருபது வயது இருக்கும். மனிதர்களுக்குப் பத்திலிருந்து முப்பது வயதுவரை நடந்ததுதான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வரும். முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம் எல்லாம் அப்போதுதானே. ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி உறுதியான கதைகள் அவை. மதியம் சாப்பிட்ட ரசம் சாதத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

உறுதியாகிறது என்றால் பொருளாக என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். எரிக் கண்டல் கடல் முயல் என்ற நத்தை இனத்தை வைத்து இதை ஆராய்ந்து 2000-இல் நோபல் பரிசு வாங்கினார். அதன் நரம்பு மண்டலத்தில் மொத்தம் சுமார் 20,000 செல்கள்தான், அதனால் எண்ணிப் பார்க்கலாம். சிறிது நேரமே நிற்கும் நினைவில், நரம்புகள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் இணைப்பு தற்காலிகமாக வலுவாகிறது. நீண்ட நாள் நிற்பதற்கு மரபணு விழித்துப் புதிய புரதம் செய்து, புதிய இணைப்பே முளைக்க வேண்டும். கட்டட வேலை மாதிரி, நேரம் எடுக்கும். அதில் பெரும் பகுதி தூக்கத்தில் நடக்கிறது. எலி பகலில் ஓடிய பாதையை, அது தூங்கும்போது ஹிப்போகேம்பஸ் செல்கள் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை 1994-இல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் பதிவு செய்தார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு (பிஎஸ்எல்இ) எழுதும் பிள்ளையை இரவு ஒரு மணிவரை உட்காரவைக்கும் பெற்றோருக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது.

கார் நிறுத்தம். இதில் உங்களோடு நானும் கட்சி. எங்கள் புளோக் பக்கத்திலிருக்கும் பலமாடிக் கார் நிறுத்தத்தில் 11 வருடமாக நிறுத்துகிறேன். கணக்குப் போட்டால் நாலாயிரம் தடவை. போன மாதம் ஒரு காலையில் 3ஏ, 3பி, 4ஏ என்று ஏறி இறங்கியதில் சட்டை நனைந்துவிட்டது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை போன கடைத்தொகுதியில் எந்தத் தூண் பக்கத்தில் நிறுத்தினேன் என்று இன்றும் சொல்வேன். ஏன்? வீட்டில் நிறுத்திய நாலாயிரமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. நேற்றைய இடத்தைத் தேடினால் முந்தாநாள் இடம் முந்திக்கொண்டு வருகிறது. பழையது புதியதோடு மோதும் இந்தக் குறுக்கீட்டை 1957-இல் அண்டர்வுட் என்ற உளவியலாளர் எண்களில் காட்டினார். ஒரே ஒரு சொற்பட்டியலைப் படித்தவர்கள் மறுநாள் முக்கால்வாசி சொன்னார்கள். அதற்கு முன் இருபது பட்டியல் படித்திருந்தவர்கள் கால்வாசிகூடச் சொல்லவில்லை. காலம்தான் நினைவை அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காலத்தைவிட நெரிசல்தான் அதிகம் கெடுக்கிறது. பூட்டியதும் தூண் எண்ணைப் போனில் படம் எடுத்துவிடுங்கள், நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

செய்யுள் மட்டும் எப்படி நிற்கிறது? மறதி ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் புத்தகம் போட்டார். சுமார் 2,300 பொருளற்ற அசைகளை எழுதிவைத்து மனப்பாடம் செய்தார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நழுவியது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு. அதன் பிறகு நழுவும் வேகம் குறைந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து மறுபடி படித்தபோதும் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமானது. அவர் எடுத்துக்கொண்டது அர்த்தமில்லாத அசைகள் என்பதை மறந்துவிட்டு, படித்ததில் மூன்றில் இரண்டு ஒரே நாளில் போய்விடும் என்று பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். எரிச்சலாக இருக்கும்.

செய்யுள் அதற்கு நேரெதிர். எதுகை அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, மோனை அடுத்த சீரின் முதல் எழுத்தைச் சொல்கிறது. தாளம் இத்தனை அசைதான் என்று வேலி போடுகிறது. தப்பான சொல் வந்தால் காதே உதைத்துத் தள்ளிவிடும். அந்தாதி இன்னும் கெட்டிக்காரத்தனம். அபிராமி அந்தாதியில் முதல் பாட்டு 'துணையே' என்று முடிகிறது, இரண்டாவது 'துணையும்' என்று தொடங்குகிறது. அப்படியே நூறு பாட்டு, சங்கிலி. ஏடு எழுதுவது பாடாக இருந்த காலத்தில், வாயில் சுமந்து போவதற்காகவே செய்த கட்டு அது. தவிர, பள்ளியில் நீங்கள் அதைப் படித்தது மட்டுமில்லை, எழுந்து நின்று ஒப்பித்தீர்கள். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

நினைவு வரிக்கு வரி அப்படியே நிற்பது செய்யுளுக்கு மட்டும்தான். வாழ்க்கையில் நடந்தது அப்படி நிற்பதில்லை. 1986 மார்ச் 15, சனிக்கிழமை, சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் கட்டடம் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எனக்கு அப்போது 14 வயது. அப்பாவோடு தேக்கா சந்தையிலிருந்து வரும்போது தூரத்தில் புழுதி எழும்பியதைப் பார்த்தேன். அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார், அவர் கையில் மீன் வாடை. இந்தக் கதையை முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். அம்மா காலமான பிறகு அவருடைய பிஸ்கட் டின்னை ஒழுங்குபடுத்தும்போது ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. ஈப்போவில் பெரியப்பா மகன் கல்யாணம், 1986 மார்ச் 16, ஞாயிறு. அக்காவுக்குப் போன் செய்தேன். 'வெள்ளிக்கிழமையே எல்லோரும் ரயிலில் போய்விட்டோமே. ஜன்னல் சீட்டுக்காக என்னோடு சண்டை போட்டாயே, அது ஞாபகமில்லையா?' என்றார். ஹோட்டல் விழுந்ததை நாங்கள் கல்யாண வீட்டு டிவியில்தான் பார்த்திருக்கிறோம்.

மீன் வாடை எங்கிருந்து வந்தது? வேறு ஏதோ சனிக்கிழமையிலிருந்து. நினைவு வீடியோ மாதிரி சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் துண்டுகளை எடுத்துப் புதிதாகக் கட்டுகிறோம், இடைவெளியை நியாயமாகத் தோன்றுவதை வைத்து அடைக்கிறோம், கட்டியதையே திரும்ப உள்ளே வைக்கிறோம். அதே வருடம் ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, நைசர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் 'செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள்' என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருடம் கழித்து மறுபடி கேட்டார். 44 பேரில் 11 பேருக்கு ஒரு விவரம்கூடப் பொருந்தவில்லை. தங்கள் கையெழுத்தைக் காட்டியும் சிலர் ஒப்பவில்லை. கேட்கும் விதமே நினைவை மாற்றும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் காட்டினார். ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் 'இடித்தபோது' என்று சிலரிடமும் 'மோதி நொறுங்கியபோது' என்று சிலரிடமும் வேகத்தைக் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றபோது முதல் கூட்டத்தில் 14 சதவிகிதமும் இரண்டாவதில் 32 சதவிகிதமும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. குடும்பச் சண்டைகளில் 'நீ அன்றைக்கு இப்படித்தான் சொன்னாய்' என்று இரு தரப்பும் சத்தியம் செய்வதை இப்போது நான் இரு தரப்புக்கும் சாதகமாகவே பார்க்கிறேன்.

எல்லாம் நினைவிருந்தால் நல்லதுதானே என்றால், ஜில் பிரைஸ் என்ற அமெரிக்கப் பெண்ணைக் கேட்க வேண்டும். பதினான்கு வயதிலிருந்து எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன செய்தார் என்று சொல்லக்கூடியவர். 2006-இல் அவரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பழைய அவமானமும் பழைய சண்டையும் நேற்று நடந்தது போலவே வந்து நிற்கின்றன, சோர்ந்துபோகிறேன் என்பதுதான் அவர் சொன்னது. பள்ளிப் பாடத்தை மனப்பாடம் செய்வதில் அவர் சாதாரணம் என்பது கொசுறு.

அப்புறம், உங்கள் நிஜமான கேள்வி. நான் எதைக் கேட்டால் உஷாராவேன்? பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வி, முன்பு கேட்டதே தெரியாமல். எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி திடீரென்று புதிதாகத் தெரிவது. வருடக்கணக்காகச் செய்த சாம்பாரில் வரிசை குழம்புவது. வீட்டுக் கணக்கு, கட்டணங்கள் கையை மீறிப் போவது. முக்கியமாக, வீட்டில் எல்லோரும் கவலைப்பட, சம்பந்தப்பட்டவர் மட்டும் 'எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்' என்பது. உங்கள் கதையில் தலைகீழாக இருக்கிறது. நீங்கள் மறந்ததை எல்லாம் வரிசையாக நினைவு வைத்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள்!

இருந்தாலும் பலதுறை மருந்தகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 46 வயதில் தேட வேண்டியது வேறு: தைராய்டு, பி12 குறைவு (சைவம் என்றால் கட்டாயம் பாருங்கள்), மாதவிடாய் நிற்கும் காலத்து மந்தம், மனச்சோர்வு, குறட்டையோடு வரும் தூக்கக் கோளாறு, தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. அம்மாவுக்கு எழுபதுகளில் வந்ததால் உங்களுக்கு ஆபத்து ஓரளவு கூடும், வந்தே தீரும் என்று இல்லை. இங்கே மனநலக் கழகம் நடத்திய ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 2013-இல் 10 சதவிகிதம் பேருக்கு முதுமை மறதி நோய் இருந்தது, 2023-இல் 8.8 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது கேளாமை எல்லாம் கையில் பிடிக்கக்கூடிய காரணங்கள். காதுக் கருவியைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் நம் ஆட்களிடம் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

வல்லாரைக்கு வருகிறேன். மனிதர்களிடம் நினைவைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைவிடப் பிரபலமான ஜின்கோவை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு ஆறு வருடம்போலக் கொடுத்துப் பார்த்து, முதுமை மறதியைத் தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு சொன்னார்கள். வல்லாரைத் துவையல் பிடிக்கும் என்றால் தேக்காவில் ஒரு கட்டு வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையாக முப்பது வெள்ளி கொடுத்து வாங்காதீர்கள்.

நிஜமாகவே வேலை செய்வது, முன்பு சொன்ன ஒப்பித்தல். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் திரும்பப் படித்தது, இன்னொன்று பத்தியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்தோ எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவிகிதம், படித்தவர்களுக்கு 42. உங்கள் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்வதெழுதுதல் இருந்தால், புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள், தடுமாறட்டும், இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். உங்களுக்கும் அதுதான். மாலதியைச் சந்தித்த அன்று இரவு, பெயரை ஒருமுறை தானாக எடுத்துப் பாருங்கள்.

அம்மா நாலாவது தடவையாக 'தம்பி எப்போது வருவான்' என்று கேட்டால் என்ன சொல்வது? முதல் தடவை சொன்ன அதே பதிலை, அதே குரலில். 'இப்பத்தானே சொன்னேன்' என்பது அவருக்கு எட்டாது, உங்கள் முகத்திலிருக்கும் எரிச்சல் எட்டும். அவருக்கு அது முதல் தடவைதான். அவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, 'இன்று செவ்வாய். தம்பி ஆறரைக்கு வருவான்' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். வாசிக்கும் பழக்கம் வெகு நாள் நிற்கும், பதிலைப் பலகை சொல்லிவிடும். ஒரு நாள் மதியம் பெரிய தாளும் பென்சிலும் கொடுத்து, செம்பவாங் குடியிருப்பை வரையச் சொல்லுங்கள். எந்த வீட்டில் யார், கிணறு எங்கே, மளிகைக் கடை எங்கே. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் பெயர் எழுதுங்கள், போனில் குரலையும் பதியுங்கள்.